எண்ணிக்கையும் எடையும்: ரூத் ஹைன்ஸின் ஆய்வுக் கணக்கு

ரூத் ஹைன்ஸ் எழுதிய ஆய்வுக் கட்டுரைகளை ஏறத்தாழ இரண்டு கை விரல்களுக்குள் எண்ணி முடித்துவிடலாம். ஆஸ்திரேலியாவில், சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகத்தில் கணக்கியல் துறையில் இருந்தவர் அவர். அறியப்பட்ட அவருடைய கட்டுரைகள் எல்லாம் 1980களிலும் 1990களின் முதல் சில ஆண்டுகளிலும் வந்தவை. இன்றைய பல்கலைக்கழகங்கள் எதிர்பார்க்கும் நீண்ட வெளியீட்டுப் பட்டியல் அவரிடம் இல்லை. ஆனால் அந்தச் சிறு பட்டியலில் உள்ள ஒரே ஒரு கட்டுரையை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகள் மேற்கோள் காட்டியிருக்கின்றன. கணக்கியலுக்கும் சமூகத்துக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதுகிற எவரும் அதைத் தாண்டிப் போவது கடினம்.

தமிழ் படிக்கும் மாணவிக்கு ஒரு கணக்கியல் ஆய்வாளரின் பட்டியல் எதற்கு என்று தோன்றலாம். பெண்களின் உழைப்பு ஏன் எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை என்று நாம் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ஹைன்ஸ் அந்தப் பேரேட்டையே கேள்வி கேட்டவர். நிறுவனங்களின் கணக்கைப் பார்த்து அவர் கேட்டதை, அவருடைய ஆய்வுக் கணக்கைப் பார்த்து நாம் கேட்க வேண்டியிருக்கிறது. ஓர் ஆய்வாளரின் மதிப்பை எண்ணாக மாற்றும்போது எதை எண்ணுகிறோம்? எதை எண்ணாமல் விடுகிறோம்? விடுபட்டவற்றில் பெண்களின் எழுத்து எவ்வளவு?

எல்லைக்கோட்டை யார் போடுவது?

ஹைன்ஸின் அந்தக் கட்டுரை 1988இல் 'அக்கவுண்டிங், ஆர்கனைசேஷன்ஸ் அண்ட் சொசைட்டி' என்ற ஆய்விதழில் வெளிவந்தது. ஆந்தனி ஹாப்வுட் 1976இல் தொடங்கிய இதழ் இது. கட்டுரையின் தலைப்பைத் தமிழில் இப்படிச் சொல்லலாம்: 'நிதிக் கணக்கியல்: யதார்த்தத்தைத் தெரிவிப்பதன் வழியே யதார்த்தத்தைக் கட்டுகிறோம்.'

கணக்கியல் ஆய்விதழ் என்றால் கருதுகோள், தரவு, அட்டவணை, முடிவு என்ற வரிசையைத்தான் எதிர்பார்ப்போம். ஹைன்ஸ் அப்படி எழுதவில்லை. இருவர் பேசிக்கொள்ளும் உரையாடலாக எழுதினார். ஒருவர் விவரம் அறிந்தவர். மற்றவர் கேட்டுத் தெரிந்துகொள்பவர். ஒரு நிறுவனத்தின் முழுப் படத்தை வரைய வேண்டும் என்பதில் பேச்சு தொடங்குகிறது. முழுப் படம் வரைவதென்றால் நிறுவனம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தெரிந்திருக்க வேண்டுமே! அந்த எல்லை எங்கே இருக்கிறது? வேலியிலா, சட்டத்திலா, நம் மனத்திலா? கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன. நூற்பாவுக்கு உரை எழுதியவர்கள் தாமே ஒரு ஐயத்தை எழுப்பித் தாமே விடை சொல்லிக்கொண்டு போவதைப் படித்துப் பழகிய நமக்கு இந்த வடிவம் அந்நியமாகத் தோன்றாது. கணக்கியல் துறைக்கோ அது ஒரு சிறிய அதிர்ச்சி.

ஹைன்ஸ் சொல்வதன் சாரம் எளியது. கணக்காளர் வெளியே ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பார்த்துப் படம் எடுப்பவர் அல்ல. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிப்பதன் மூலம் அவரே ஒரு படத்தை உருவாக்குகிறார். அந்தப் படத்தை நம்பி எல்லோரும் நடந்துகொள்ளும்போது அது உண்மையாகவே ஆகிவிடுகிறது.

ஒரு சிறு உதாரணத்தில் இதைப் பார்ப்போம். ஒரு தொழிற்சாலை 10 லட்ச ரூபாய்க்கு ஓர் இயந்திரம் வாங்குகிறது. அது ஐந்து ஆண்டுகள் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2 லட்சம் தேய்மானச் செலவு. பத்து ஆண்டுகள் என்று வைத்துக்கொண்டால் 1 லட்சம்தான். அதே இயந்திரம், அதே உற்பத்தி, அதே தொழிலாளிகள். ஆனால் இலாபக் கணக்கில் 1 லட்ச ரூபாய் வித்தியாசம் வந்துவிடுகிறது. அந்த இலாபத்தைப் பார்த்துத்தான் வங்கி கடன் தருகிறது, போனஸ் முடிவாகிறது, ஆள்குறைப்பு நடக்கிறது. ஒருவர் பேனாவால் போட்ட கோடு, இன்னொருவரின் வேலையைத் தீர்மானிக்கிறது.

இதையே இன்னும் கொஞ்சம் நகர்த்திப் பார்க்கலாம். தொழிலாளியின் கூலி தொழிற்சாலைக் கணக்கில் செலவாக ஏறுகிறது. அந்தத் தொழிலாளியை ஒவ்வொரு நாளும் வேலைக்குத் தயாராக்கி அனுப்பும் சமையலும் துவைப்பும் பிள்ளை வளர்ப்பும் எங்கே ஏறுகின்றன? எங்கும் இல்லை. அவை எல்லைக்கோட்டுக்கு வெளியே. அதே 1988இல், நியூசிலாந்தின் நாடாளுமன்றத்தில் 1975 முதல் 1984 வரை உறுப்பினராக இருந்த மேரிலின் வேரிங், பெண்களின் உழைப்பை எண்ணினால் என்ன ஆகும் என்ற கேள்வியை ஒரு நூலாகவே எழுதினார். நாடுகளின் வருமானத்தைக் கணக்கிட ஐ.நா. வகுத்த முறை, வீட்டுக்குள் நடக்கும் பெண்ணுழைப்பை உற்பத்தி இல்லை என்று எப்படி ஒதுக்கியது என்பதை அதில் விளக்கினார். வேரிங் தேசத்தின் பேரேட்டைத் திறந்தார். ஹைன்ஸ் நிறுவனத்தின் பேரேட்டைத் திறந்தார். இருவரும் கேட்டது எல்லைக்கோட்டைப் பற்றித்தான்.

ஆய்வாளரின் பேரேடு

நிறுவனங்களுக்கு இலாபக் கணக்கு இருப்பது போல ஆய்வாளர்களுக்கு மேற்கோள் கணக்கு இருக்கிறது. இது இயற்கையாக முளைத்தது அல்ல. அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்டு என்பவர் 1955இல் ஒரு யோசனையை முன்வைத்தார். எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையைச் சுட்டுகிறது என்று தொகுத்தால், ஒரு கருத்து எப்படிப் பயணம் செய்கிறது என்று பின்தொடர முடியும் என்பதே அவருடைய எண்ணம். 1964இல் அது அறிவியல் மேற்கோள் அட்டவணையாக வெளிவரத் தொடங்கியது. தேடுவதற்கான கருவியாகத் தொடங்கியது மெல்ல மெல்ல அளவுகோலாக மாறியது. இதழ்களை ஒப்பிட 'இம்பாக்ட் ஃபேக்டர்' வந்தது. பிறகு, அந்த இதழில் எழுதியவரின் தகுதியையும் அதை வைத்தே எடை போடத் தொடங்கினார்கள்.

2005இல் ஹோர்ஹே ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் தனி ஆய்வாளர்களுக்கென்று ஓர் எண்ணைக் கொடுத்தார். அதற்கு 'ஹெச்-இண்டெக்ஸ்' என்று பெயர். ஒருவருடைய கட்டுரைகளில் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 10. இருபது கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை என்றால் 20. அவ்வளவுதான்.

இந்த அளவுகோலை ஹைன்ஸின் மேல் வைத்துப் பாருங்கள். அவர் பத்துக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார் என்று வசதிக்காக வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவருடைய எண் ஒருபோதும் 10ஐத் தாண்டாது. எத்தனை ஆண்டுகள் போனாலும், எத்தனை பேர் படித்தாலும் தாண்டாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சுட்டிய அந்த 1988 கட்டுரை இந்தக் கணக்கில் ஒற்றைக் கட்டுரைதான். பத்துப் பேர் சுட்டிய கட்டுரைக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை. இன்னொருவர் 40 சாதாரணக் கட்டுரைகள் எழுதி, ஒவ்வொன்றும் 40 முறை சுட்டப்பட்டிருந்தால் அவருடைய எண் 40. ஹிர்ஷ் தம்முடைய கட்டுரையிலேயே, இயற்பியலாளர்களை மனத்தில் வைத்து, நிரந்தரப் பணிக்கு 12, பேராசிரியர் பதவிக்கு 18 என்ற அளவில் இந்த எண் இருக்கலாம் என்று எழுதினார். துறை வேறு என்றாலும் அந்தத் தராசில் ஏற்றினால், தம் துறையின் சிந்தனையைத் திருப்பிப் போட்ட ஒரு பெண் நிரந்தரப் பணிக்கே தேறமாட்டார்.

அளவுகோல் தவறாகக் கணக்கிடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். கூட்டல் கழித்தல் எல்லாம் சரி. அது போடும் எல்லைக்கோடுதான் சிக்கல். தொடர்ந்து, நிறைய, இடைவெளியில்லாமல் எழுதிக்கொண்டிருப்பவரே ஆய்வாளர் என்று அது முன்கூட்டியே தீர்மானித்துவிட்டது. அப்படி இடைவெளியில்லாமல் எழுத யாரால் முடிகிறது? மகப்பேறு, மாமியாரின் நோய், பிள்ளையின் பொதுத்தேர்வு, கணவரின் பணியிட மாற்றம் என்று வாழ்க்கை துண்டுதுண்டாகப் போகும் ஒரு பெண்ணின் எழுத்தில் இடைவெளி விழாமல் இருக்குமா? இலாபக் கணக்கு தொழிலாளியின் வீட்டைப் பார்க்காதது போலவே மேற்கோள் கணக்கும் ஆய்வாளரின் வீட்டைப் பார்ப்பதில்லை. பார்க்காமல் போட்ட படத்தை வைத்துக்கொண்டுதான் பதவியும் ஆய்வு நிதியும் முடிவாகின்றன. பதவியும் நிதியும் கிடைத்தவர் மேலும் எழுதுகிறார், கிடைக்காதவர் நின்றுவிடுகிறார். படம் உண்மையாகிவிடுகிறது. ஹைன்ஸ் நிறுவனத்தைப் பற்றிச் சொன்னது வரிக்கு வரி பல்கலைக்கழகத்துக்கும் பொருந்துகிறது.

மேற்கோளுக்குள் வந்ததும் வராததும்

ஆயிரம் மேற்கோள் என்றவுடன் ஆயிரம் பேர் ஆழ்ந்து படித்தார்கள் என்று மகிழ்ந்துவிட முடியாது. ஒரு பெரிய கட்டுரை புகழ் பெற்றுவிட்டால் அதன் தலைப்பே ஒரு முத்திரையாகிவிடுகிறது. 'கணக்கியல் யதார்த்தத்தைக் கட்டமைக்கிறது' என்று ஒரு வாக்கியம் எழுதி, அடைப்புக்குறிக்குள் ஹைன்ஸ், 1988 என்று போட்டுவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடலாம். அந்த உரையாடலின் நகைச்சுவை, தயக்கம், கேட்பவருக்கு வரும் திகைப்பு, ஒரு துறையின் மொழியையே மாற்றி எழுதிப் பார்த்த துணிச்சல் எதுவும் அந்த அடைப்புக்குறிக்குள் வராது. கவிதையைப் பொழிப்புரையாகச் சுருக்கித் தேர்வுக்குப் படிப்பது எப்படியோ அப்படித்தான் இதுவும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நான்கு ஆண்டுகள் கழித்து, 1992இல், அதே இதழில் ஹைன்ஸ் இன்னொரு கட்டுரை எழுதினார். 'கணக்கியல்: வெற்றிடத்தை நிரப்புதல்' என்று தலைப்பைத் தமிழாக்கலாம். ஓவியம் கற்பவர்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. நாற்காலியை வரையாமல் நாற்காலியின் கால்களுக்கு இடையே உள்ள வெளியை வரையச் சொல்வார்கள். அந்த வெளியைச் சரியாக வரைந்தால் நாற்காலி தானே தெரியும். ஹைன்ஸ் அந்த வெளியைத்தான் தலைப்பில் வைக்கிறார். கணக்கியல் எண்ணத்தக்கவற்றை வரைந்தே பழகிவிட்டது. அவற்றுக்கு இடையே இருக்கும் வெளியை அது பார்ப்பதே இல்லை என்கிறார். சீன மரபின் யின், யாங் என்ற இணையை எடுத்துக்கொண்டு, கடினமானது, அளக்கக்கூடியது, போட்டி, வளர்ச்சி ஆகிய யாங் பண்புகளின் பக்கமே இந்தத் துறை முழுவதும் சாய்ந்திருக்கிறது என்றும், உறவு, உள்ளுணர்வு, பேணுதல் ஆகிய யின் பண்புகள் பின்னணியாக ஒதுக்கப்பட்டுவிட்டன என்றும் வாதிடுகிறார். இடையில் 1991இல் இயற்கைக்கு விலை போடுவதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையும் இந்தத் திசையில் வைத்த அடிதான்.

இந்த 1992 கட்டுரை 1988 கட்டுரையைவிட மிகக் குறைவாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. என் வாசிப்பில், முதல் கட்டுரையின் இயல்பான முடிவு இரண்டாவதில்தான் இருக்கிறது. எல்லைக்கோடு நாம் போட்டதுதான் என்று 1988இல் சொன்னவர், அந்தக் கோட்டுக்கு வெளியே எது தள்ளப்பட்டது என்று 1992இல் சொல்கிறார். தள்ளப்பட்டது பெண்மை என்று பெயர் சூட்டப்பட்ட எல்லாம். கல்வியுலகம் முதல் பாதியை எடுத்துக்கொண்டது. 'யதார்த்தம் கட்டமைக்கப்படுகிறது' என்பதைக் கோட்பாடாகச் சொல்லிவிடலாம். அதனால் யாருடைய நாற்காலியும் ஆடாது. 'உங்கள் துறையின் புறவயத்தன்மை ஆண்மைக்கு இன்னொரு பெயர்' என்பதை அப்படிச் சொல்லிவிட முடியாது. எனவே பெண்ணிய ஆய்வாளர்கள் அதைப் படித்தார்கள். மற்றவர்கள் முந்தைய கட்டுரையோடு நின்றுகொண்டார்கள். ஹைன்ஸின் மேற்கோள் கணக்கிலேயே ஒரு வெற்றிடம் இருக்கிறது. அதன் வடிவம் பெண்ணியத்தின் வடிவம்.

அந்தக் கட்டுரையோடு எனக்கு ஒரு வாதமும் உண்டு. ஹைன்ஸ் யின் என்பதைப் பெண்ணுடலோடு முடிச்சுப் போடவில்லை. எல்லாரிடமும் எல்லாவற்றிலும் இருக்கும் பண்பாகத்தான் சொல்கிறார். இருந்தாலும் எண் ஆண்பால், உணர்வு பெண்பால் என்ற பழைய இருமையை அது வேறு வாசல் வழியாக உள்ளே விட்டுவிடுகிறது. பெண்கள் எண்ணிக்கொண்டேதான் இருந்தார்கள் என்பதே வரலாறு. லிண்டா கிர்க்கமும் ஆன் லாஃப்ட்டும் 1993இல் எழுதிய கட்டுரை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1870 முதல் 1930 வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கணக்கு வேலை இரண்டாகப் பிரிந்தது. ஆண்கள் செய்தால் அது 'அக்கவுண்டன்சி' என்ற தொழில். பெண்கள் செய்தால் அது வெறும் எழுத்தர் வேலை. மேரி ஹாரிஸ் ஸ்மித் 1891இல் பட்டயக் கணக்காளர் கழகத்தில் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்தார்கள். 1920இல், 75 வயதில், உலகின் முதல் பெண் பட்டயக் கணக்காளராக அனுமதிக்கப்பட்டார். இந்தியாவில் அந்தத் தகுதியை முதலில் பெற்ற பெண் சென்னையைச் சேர்ந்த ஆர். சிவபோகம், ஆண்டு 1933. பின்னாளில் பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய மண்டலக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். இவர்கள் எண்ணுக்கு எதிராகப் போராடவில்லை. எண்ணுகிறவரின் பெயரைக் கீழே கையெழுத்தாகப் போடும் உரிமைக்காகப் போராடினார்கள். எண்ணை விட்டுவிட்டு உணர்வுக்குத் திரும்புவது நம் வழி ஆகாது. பேரேட்டின் தலைப்புகளைத் தீர்மானிக்கும் மேசையில் நமக்கு இடம் வேண்டும்.

யார் பெயர் மேலே?

மேற்கோள் கணக்கின் அநீதியைப் பேசும்போது தவறாமல் சொல்லப்படும் ஒரு சொற்றொடர் 'மத்தேயு விளைவு'. ஏற்கெனவே பேர் பெற்றவருக்கே மேலும் பேர் சேரும் என்பது பொருள். விவிலியத்தின் மத்தேயு நற்செய்தியிலிருந்து இந்தப் பெயரை எடுத்து, சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் 1968இல் ஒரு கட்டுரை எழுதினார். மிகப் புகழ் பெற்ற கட்டுரை அது. அதற்கு அடிப்படையாக இருந்தவை நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர்களிடம் ஹாரியெட் ஸக்கர்மன் நடத்திய நேர்காணல்கள். அவர் மெர்ட்டன் இருந்த கொலம்பியா பல்கலைக்கழகத்திலேயே முனைவர் பட்டம் பெற்றவர். கட்டுரையின் ஆசிரியராக மெர்ட்டன் பெயர் மட்டுமே இருந்தது. ஸக்கர்மனின் பெயர் அடிக்குறிப்புகளில் இருந்தது. அவருடைய ஆய்வை அவ்வளவு தூரம் பயன்படுத்தியிருப்பதால் அது இருவர் பெயரிலும் வந்திருக்க வேண்டிய கட்டுரை என்று மெர்ட்டனே பின்னாளில் எழுதினார். அதற்குள் கட்டுரை அவர் பெயரிலேயே உலகம் சுற்றிவிட்டது. பேர் உள்ளவருக்கே பேர் சேரும் என்று சொல்லும் கட்டுரைக்கே அது நேர்ந்தது. 1993இல் அறிவியல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ராசிட்டர் இதன் மறுபக்கத்துக்கு 'மெட்டில்டா விளைவு' என்று பெயர் வைத்தார். 19ஆம் நூற்றாண்டில் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடிய மெட்டில்டா ஜாஸ்லின் கேஜின் நினைவாக வைத்த பெயர் அது. பெண்கள் கண்டறிந்தது ஆண்களின் பெயரில் போய்ச் சேர்வதே அந்த விளைவு.

இது பழைய கதை இல்லை. மாலி கிங்கும் உடன் ஆய்வாளர்களும் 'ஜேஸ்டோர்' தொகுப்பில் உள்ள 15 லட்சம் கட்டுரைகளை ஆராய்ந்தார்கள். ஆண்கள் தங்கள் எழுத்தைத் தாங்களே மேற்கோள் காட்டுவது பெண்களைவிட 56 சதவீதம் அதிகம் என்று கண்டார்கள். அந்தத் தரவின் கடைசி இருபது ஆண்டுகளில் மட்டும் அது 70 சதவீதம். தன்னைப் பற்றித் தானே பேசாதே என்று வளர்க்கப்பட்ட பெண், ஆய்விலும் அடக்கம் காக்கிறாள். அந்த அடக்கத்துக்கு அவள் பட்டியலில் தண்டனை விழுகிறது. ஹெதர் சார்சன்ஸ் பொருளியல் துறையை எடுத்து ஆராய்ந்தார். தனியாக எழுதிய கட்டுரைக்கு நிரந்தரப் பணியைத் தீர்மானிக்கும்போது ஆணுக்கும் பெண்ணுக்கும் ஏறக்குறைய ஒரே மதிப்பு. கூட்டாக எழுதினால் ஆணின் மதிப்பு குறைவதில்லை. பெண்ணின் மதிப்பு குறைகிறது. ஆணோடு சேர்ந்து எழுதியிருந்தால் இன்னும் குறைகிறது. யோசனை யாருடையது என்று தெரியாத இடத்தில் அது ஆணுடையது என்றே கணக்கு எழுதப்படுகிறது.

கணக்கியல் துறைக்கே திரும்பி, ஹைன்ஸின் சிறு பட்டியலுக்கு நேர் எதிரான ஒரு பட்டியலைப் பார்க்கலாம். அமெரிக்காவின் பென்ட்லி பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் ஜேம்ஸ் ஹண்டன். முதன்மை ஆய்விதழ்களில் ஏராளமாக எழுதியவர். தணிக்கையாளர்கள் மோசடியைக் கண்டுபிடிக்க எப்படிக் கூடி யோசிக்க வேண்டும் என்பதைப் பற்றி, ஒரு தணிக்கை நிறுவனத்தின் 150 அலுவலகங்களில் சோதனை நடத்தியதாகச் சொல்லி, 2010இல் 'தி அக்கவுண்டிங் ரிவ்யூ' இதழில் அவரும் இன்னொருவரும் எழுதிய கட்டுரை 2012இல் திரும்பப் பெறப்பட்டது. அவர் வேலையை விட்டு விலகினார். இரண்டு கட்டுரைகளின் தரவை ஹண்டன் இட்டுக்கட்டினார் என்றும், உடன் எழுதியவர்களுக்கு அதில் பங்கில்லை என்றும் பல்கலைக்கழகத்தின் விசாரணை 2014இல் முடிவுக்கு வந்தது. அடுத்தடுத்து, மொத்தம் 30க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. மோசடி பற்றிய ஆய்வே மோசடியாகிப் போன இந்தக் கதையில் நம் கவனத்துக்கு உரியவர்கள் வேறு சிலர். மூத்த பேராசிரியர் தந்த தரவை நம்பி உடன் எழுதிய இளைய ஆய்வாளர்களின் பட்டியல்களிலிருந்தும் அந்தக் கட்டுரைகள் போய்விட்டன. வெளியீட்டுப் பட்டியலின் நீளத்தைப் பார்த்து ஒருவரை மலையென்று நம்பும் வழக்கம் யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

நம் வகுப்பறையில்

இதெல்லாம் சிட்னியிலும் அமெரிக்காவிலும் நடப்பது என்று ஒதுக்கிவிட முடியாத நிலையில்தான் நாமும் இருக்கிறோம். பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் ஆசிரியர்களுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது. 2018இன் விதிமுறைப்படி கலைத் துறைகளில் ஓர் ஆய்வுக் கட்டுரைக்கு 10 மதிப்பெண். ஒரு முழு நூலை மொழிபெயர்த்தால் 8. ஒரு நூலோடு ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்து சொல்லுக்குச் சொல் தேடும் பெண்ணின் உழைப்பு ஒரு கட்டுரைக்கு இரண்டு மதிப்பெண் கீழே. 'இம்பாக்ட் ஃபேக்டர்' உள்ள இதழில் எழுதினால் 10 முதல் 30 வரை கூடுதல். அது இல்லாத இதழுக்கு 5. தமிழில் எழுதி, தமிழ் இதழில் வெளியிடுகிறவர் இந்த ஏணியின் எந்தப் படியில் நிற்பார் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றோ அதற்கு மேலோ பேர் சேர்ந்து எழுதினால் முதன்மை ஆசிரியருக்கு 70 சதவீதம், மற்றவர்களுக்கு 30 சதவீதம். களத்துக்குப் போய்ப் பேட்டி எடுத்து, தட்டச்சு செய்து, அடிக்குறிப்பு சரிபார்த்த ஆய்வு மாணவி பெரும்பாலும் இந்த 30இல்தான் இருப்பாள், பெயர் சேர்க்கப்பட்டால்.

ஆனால் நம் மொழிக்கு வேறு நினைவும் இருக்கிறது. கணக்கு என்ற சொல் தமிழில் எண்ணை மட்டும் குறிக்கவில்லை. நூலையும் குறித்தது, அதனால்தான் பதினெண்கீழ்க்கணக்கு. கணக்காயர் என்றால் ஆசிரியர். எண்ணும் எழுத்தும் ஒரே சொல்லில் இருந்த மொழி இது. அந்த மொழியில் கணியன் பூங்குன்றனாருக்குச் சங்கத் தொகைகளில் கிடைப்பவை இரண்டே பாடல்கள்: புறநானூற்றில் ஒன்று, நற்றிணையில் ஒன்று. உலக மேடைகளில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் தமிழ்ப் புலவர் அவர். ஹிர்ஷின் முறைப்படி அவருடைய எண் 2ஐத் தாண்டாது.

மேற்கோளின் வேலையையும் நம் உரையாசிரியர்கள் வேறுவிதமாகப் புரிந்துவைத்திருந்தார்கள். காக்கைபாடினியம் என்ற யாப்பிலக்கண நூல் முழுமையாக நமக்குக் கிடைக்கவில்லை. யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகள் எடுத்துக்காட்டிய நூற்பாக்களால்தான் அப்படி ஒரு நூல் இருந்தது என்றே தெரிகிறது. அங்கே மேற்கோள் என்பது ஒரு நூலை அழியாமல் காத்த வேலை. யார் பெயரை எழுதினோம் என்பதோடு நிற்காமல், அவர் சொன்னதையே எடுத்து அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்த வேலை.

சாரா அகமது 2017இல் வெளியிட்ட பெண்ணிய வாழ்க்கை பற்றிய நூலில் வெள்ளை ஆண்களை மேற்கோள் காட்டுவதில்லை என்றே ஒரு கொள்கை வைத்துக்கொண்டார். எல்லோரும் அப்படிச் செய்ய வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஹாப்வுட் தொடங்கிய இதழ் இல்லாவிட்டால் ஹைன்ஸின் உரையாடலுக்கு இடம் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் ஆய்வேடு எழுதும் மாணவிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இது. உங்கள் துணைநூற் பட்டியலை ஒருமுறை தணிக்கை செய்யுங்கள். அதில் எத்தனை பெண்கள் என்று எண்ணுங்கள். அந்தப் பெண்கள் எதற்காகச் சுட்டப்பட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்: கோட்பாட்டுக்கா, அல்லது 'பெண்ணிய நோக்கு' என்ற ஒரே இயலை நிரப்பவா? ஒரு பெண்ணின் ஒற்றைக் கட்டுரையைச் சுட்டும்போது அவருடைய மற்ற கட்டுரைகளையும் தேடிப் படியுங்கள். ஹைன்ஸ் 1988 என்று எழுத நேர்ந்தால் 1992ஐயும் படித்துவிட்டு எழுதுங்கள். உங்களுக்குத் தரவு சேகரித்துத் தந்த தோழியின் பெயர் நன்றியுரையில் இருக்கிறதா, ஆசிரியர் வரிசையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். நீங்கள் முன்பு எழுதிய நல்ல கட்டுரை ஒன்று பொருந்துமானால் அதையும் கூச்சப்படாமல் சுட்டுங்கள்.

மதிப்பெண் முறை மாறும்வரை அதற்குள்தான் வேலை பார்க்க வேண்டியிருக்கும். படிவங்களை நிரப்பத்தான் வேண்டும். அந்தப் படிவம் காட்டுவது முழுப் படம் என்று மட்டும் நம்பிவிடக் கூடாது. பத்துக் கட்டுரை எழுதிய ஒருவர், கோட்டைப் போட்டது யார் என்று தம் துறையையே கேட்க வைத்தார். அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றவர்களைப் பற்றி அவர் எழுதியதை இன்னும் பலர் படிக்க வேண்டியிருக்கிறது.